எந்த ஊசி? அப்பாவின் முகவலிக்கு நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்த வழிகள்

அப்பா வலது கன்னத்தில் சவரம் செய்வதை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. இடது பக்கம் வழக்கம்போல மழித்திருப்பார், வலது பக்கம் வெள்ளைத் தாடி. பல் தேய்க்கும்போது, முகம் கழுவும்போது, மின்விசிறிக் காற்று நேராகப் பட்டால், சில நாள் காரணமே இல்லாமல், கீழ்த்தாடையில் மின்சாரம் பாய்ந்ததுபோல ஒரு வெட்டு வெட்டும். பத்து நொடிதான் இருக்கும். அந்தப் பத்து நொடியில் கையிலிருக்கும் தம்ளரைக் கீழே வைக்கக்கூட முடியாமல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அப்படியே உறைந்துவிடுவார். சாப்பாடு ஆறிய கஞ்சியாகிவிட்டது. ஐம்பது வருடப் பழக்கமான வெற்றிலையை விட்டுவிட்டார்.

பல்வலி என்றுதான் முதலில் நினைத்தோம். இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய பிறகும் வலி அதே இடத்தில் அப்படியே இருந்தது. இந்த நோய் வந்த பலருடைய கதை இப்படித்தான் தொடங்குகிறது, ஏனென்றால் வலி நிஜமாகவே பல்லில்தான் தெரியும். மூன்றாவது பல்லுக்கு நாள் குறித்திருந்த நேரத்தில்தான் ஒரு நரம்பியல் மருத்துவரைப் பார்த்தோம். அவர் அப்பா சொன்னதை ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு, "ஐயா, இது பல் இல்லை, ட்ரைஜெமினல் நியூரால்ஜியா" என்றார்.

ட்ரைஜெமினல் என்பது மூளையிலிருந்து வரும் ஐந்தாவது நரம்பு. மூன்று கிளையாகப் பிரியும்: முதல் கிளை நெற்றிக்கும் கண்ணுக்கும், இரண்டாவது கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கு. அப்பாவுக்கு வலி மூன்றாவதில், கொஞ்சம் இரண்டாவதிலும். எந்தக் கிளை என்ற இந்த விவரம் அன்று எனக்குப் பெரிதாகப் படவில்லை. பிறகு எங்கள் முடிவு முழுவதும் அதைச் சுற்றியே வந்தது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறவினர்கள் எல்லோரும் கேட்ட கேள்வி, "ஊசி போட்டா வாய் கோணிக்குமா?" முகத்தை அசைப்பது ஏழாவது நரம்பு. அது தனி வழியில் போகிறது. நான் கீழே சொல்லும் ஊசிகள் ஐந்தாவது நரம்பைக் குறிவைப்பவை. மெல்லும் தசை கொஞ்ச நாள் தளரலாம். வாய் கோணிப்போகும் என்ற பயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

மாத்திரை எங்கே நின்றது

கார்பமசெபின்தான் 1960-களிலிருந்து இந்த வலிக்கு முதல் மருந்து. போட்ட முதல் வாரத்திலேயே அப்பா இரண்டு கன்னத்தையும் மழித்துக்கொண்டார், அம்மா கோயிலுக்குப் போய் வந்தார். எட்டு மாதம் நன்றாகப் போனது. அப்புறம் வலி மெல்லத் திரும்ப, அளவைக் கூட்ட, நடையில் தள்ளாட்டம் வந்தது. ஒரு காலை குளியலறையில் விழுந்தார். இரத்தத்தில் சோடியம் நன்றாகக் குறைந்திருந்தது. வயதானவர்களுக்கு இந்த மருந்தால் வரும் தெரிந்த விளைவு அது. ஆக்ஸ்கார்பசெபினுக்கு மாற்றலாமா என்று கேட்டோம். அதில் சோடியம் இன்னும் அதிகமாக இறங்க வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் தயங்கினார். பாக்லோஃபென் என்ற இன்னொரு மாத்திரையைச் சேர்த்ததில் பகலெல்லாம் தூக்கம்.

மருந்து கேட்கவில்லை என்பது ஒன்று, மருந்தை உடம்பு தாங்கவில்லை என்பது வேறு. அடுத்த கட்டத்துக்குப் போக இரண்டில் எது இருந்தாலும் போதும் என்று அன்று எங்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. வலியோடும் தள்ளாட்டத்தோடும் ஐந்து மாதம் வீணாகப் போனது.

முதலில் அறுவை, நேர்மைக்காக

ஊசிகளை ஒப்பிடுவதற்குமுன், ஊசி அல்லாத வழியைச் சொல்லாமல் போனால் அது நியாயமாக இருக்காது. பலருக்கு இந்த வலி வருவதற்குக் காரணம், மூளைத்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு இரத்தக்குழாய் நரம்பின் மேல் படிந்து ஒவ்வொரு துடிப்புக்கும் இடிப்பது. அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் பீட்டர் ஜனெட்டா 1960-களிலிருந்து வளர்த்தெடுத்த அறுவையில், காதுக்குப் பின்னால் மண்டையோட்டில் சிறு துளை போட்டு, குழாயை விலக்கி, நடுவில் டெஃப்லான் பஞ்சு வைக்கிறார்கள். நரம்பை எதுவும் செய்வதில்லை. 1996-இல் அவருடைய குழு 1,185 நோயாளிகளின் முடிவுகளை வெளியிட்டது. பத்து ஆண்டு கழித்தும் சுமார் 70 சதவீதம் பேருக்கு மிக நல்ல பலன் நிலைத்திருந்தது. இரண்டு பேர் இறந்தார்கள், சுமார் ஒரு சதவீதம் பேருக்கு அந்தப் பக்கக் காது கேட்காமல் போனது.

நரம்பைச் சிதைக்காமல் காரணத்தையே எடுப்பது இது ஒன்றுதான். நோயாளிக்கு ஐம்பது வயது, உடம்பு திடம், எம்ஆர்ஐயில் குழாய் அழுத்துவது தெரிகிறது என்றால், ஊசியைப் பற்றி யோசிப்பதற்குமுன் இதைப் பற்றி ஒரு நரம்பு அறுவை மருத்துவரிடம் பேசுங்கள் என்றுதான் நான் சொல்வேன். அப்பாவுக்கு எம்ஆர்ஐயில் குழாய் தெரிந்தது. ஆனால் வயது 72, இரண்டு வருடத்துக்குமுன் இதயத்தில் ஸ்டென்ட். இதய மருத்துவர் முழு மயக்கத்தில் பல மணி நேர அறுவைக்கு அரைமனதாகத்தான் தலையசைத்தார். அப்பா அதைவிடச் சுருக்கமாக முடித்துவிட்டார்: "தலையத் திறக்க வேண்டாம் பாப்பா."

காமா நைஃப் என்ற கதிர்வீச்சு முறையும் உண்டு. ஊசியும் இல்லை, வெட்டும் இல்லை. ஆனால் வலி குறைய வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும். தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்க முடியாமல் எடை இறங்கிக்கொண்டிருந்தவரை அவ்வளவு நாள் காக்கவைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஒரே வாசல், மூன்று ஊசிகள்

மிச்சம் இருந்தவை, நரம்பைக் கொஞ்சம் சிதைத்து வலியை அடக்கும் ஊசி முறைகள். மூன்றுக்கும் பாதை ஒன்றுதான். உதட்டோரத்திலிருந்து இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் கன்னத்தில் நுழையும் ஊசி, வாய்க்குள் போகாமல் சதைக்குள்ளேயே மேலேறி, மண்டையோட்டின் அடித்தளத்தில் ஃபொராமென் ஓவல் என்ற முட்டை வடிவத் துளை வழியாக, மூன்று கிளையும் பிரியும் நரம்பு முடிச்சை அடைகிறது. இந்தப் பாதையை ஜெர்மானிய மருத்துவர் ஹெர்டெல் முதல் உலகப்போருக்குச் சற்று முன்பே விவரித்துவிட்டார். துளை ஏழெட்டு மில்லிமீட்டர் நீளம், அதில் பாதி அகலம். பக்கத்திலேயே மூளைக்குப் போகும் பெரிய தமனி.

அதனால்தான் படம் பார்த்துக்கொண்டே ஊசி போடுவது முக்கியமாகிறது. பெரும்பாலான இடங்களில் சி-ஆர்ம் எனப்படும் வளைந்த கை வைத்த எக்ஸ்ரே. தலையைப் பின்னால் சாய்த்து, கொஞ்சம் திருப்பினால், தாடை எலும்புக்கும் கன்ன எலும்புக்கும் நடுவில் அந்த முட்டைத் துளை திரையில் தெரியும். ஊசியை அதற்குள் இறக்கியபின் பக்கவாட்டுப் படத்தில் ஆழம் பார்க்கிறார்கள். ஐந்து மில்லிமீட்டர் முன்னே பின்னே போனால் மூன்றாம் கிளை இரண்டாம் கிளையாகிவிடும், இன்னும் ஐந்து போனால் கண்ணுக்குரிய முதல் கிளை. சில இடங்களில் சிடி ஸ்கேன் வழிகாட்டுதல் இருக்கிறது. துளை குறுகலாக இருப்பவர்களுக்கும், சி-ஆர்மில் துளை சரியாகத் தெரியாதவர்களுக்கும் அது பெரிய உதவி. ஆனால் கதிர்வீச்சு கூடும். நாங்கள் கருவியைப் பற்றிக் கவலைப்பட்டதைவிட, இதை அடிக்கடி செய்கிற கை யாருடையது என்று விசாரித்ததுதான் பயன்பட்டது.

துளைக்குள் போனபின் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் மூன்று முறைகளும் பிரிகின்றன.

கிளிசரால் இருப்பதிலேயே மென்மையானது. இது தற்செயலாகக் கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் ஹாகான்சன் என்ற மருத்துவர், கதிர்வீச்சுக்குக் குறி வைப்பதற்காக உலோகத் தூளைக் கிளிசராலில் கலந்து நரம்பு முடிச்சைச் சுற்றியுள்ள திரவப் பையில் செலுத்தியபோது, கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன்பே வலி போனதைக் கவனித்தார். 1981-இல் அதை வெளியிட்டார். நோயாளியை உட்காரவைத்து, எக்ஸ்ரேயில் தெரியும் சாய மருந்தைச் செலுத்திப் பையின் அளவைப் படத்தில் பார்த்து, அரை மில்லிக்கும் குறைவான கிளிசராலை விடுகிறார்கள். அப்புறம் தலையைக் குனிந்தபடி ஓரிரு மணி நேரம் உட்கார வேண்டும். முகம் மரத்துப்போகும் மதமதப்பு இதில் குறைவு. அதே சமயம் வலி திரும்பி வருவதும் மற்றவற்றைவிடச் சீக்கிரம். ஒரு கிளையை மட்டும் பிரித்துக் குறிவைப்பதும் கடினம், திரவம் தனக்குப் பிடித்த இடத்துக்குப் போகும்.

ரேடியோ ஃப்ரீக்வென்சி, சுருக்கமாக ஆர்.எஃப்., நரம்பைச் சூட்டால் அடக்குகிறது. ஊசி துளைக்குள் போகும் நிமிடத்தில் லேசான மயக்கம். பிறகு நோயாளியை எழுப்பி, ஊசி முனையில் மிகச் சிறிய மின்னோட்டம் கொடுத்து "எங்கே சுருக்குங்குது?" என்று கேட்பார்கள். வழக்கமாக வலிக்கும் அதே இடத்தில் நமநமவென்றால் ஊசி சரியான கிளையில் இருக்கிறது. மறுபடி மயக்கி, 60-லிருந்து 80 டிகிரி வரைக்குள் ஒரு சூட்டில் ஒரு நிமிடம் போல. மூன்றில் இதுதான் கிளையைப் பார்த்துக் குறிவைக்கக்கூடியது. துருக்கியின் அங்காராவில் கன்போலாட் என்ற நரம்பு அறுவை மருத்துவரின் குழு 25 ஆண்டுகளில் 1,600 நோயாளிகளுக்குச் செய்ததை 2001-இல் எழுதியிருக்கிறது. உடனடிப் பலன் 97.6 சதவீதம் பேருக்கு. ஒரே தடவையோடு ஐந்து ஆண்டு முழுமையாக வலியின்றி இருந்தவர்கள் 57.7 சதவீதம்.

அந்த இரண்டு எண்களையும் நான் ஒரு தாளில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். "போடும்போது எல்லாருக்கும் கேக்குது, அஞ்சு வருஷத்துல பாதிப் பேருக்கு மறுபடி வருது, அப்படித்தானே?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான். வந்தால் மறுபடி போடலாம் என்பது இதன் கூடவே வரும் செய்தி.

இதில் ஒரு எச்சரிக்கை. 'பல்ஸ்டு' ஆர்.எஃப்., அதாவது மின்னோட்டத்தை விட்டுவிட்டுக் கொடுப்பது, என்று ஒன்றைச் சில இடங்களில் சொல்வார்கள். 42 டிகிரியைத் தாண்டாது, நரம்பு சிதையாது, மதமதப்பே வராது என்பார்கள். கேட்க இனிமையாக இருக்கும். 2007-இல் துருக்கியில் இதே வலி உள்ள 40 பேரை இரண்டு பிரிவாக்கிச் சோதித்தபோது, வழக்கமான சூடு நன்றாக வேலை செய்தது, பல்ஸ்டு முறை அப்படிச் செய்யவில்லை. மதமதப்பே இல்லாத ஊசி என்று யாராவது சொன்னால், எந்த ஆர்.எஃப். என்று திருப்பிக் கேளுங்கள்.

மூன்றாவது பலூன். சிகாகோவில் முல்லன், லிக்டர் இருவரும் 1983-இல் விவரித்தது. தடித்த ஊசி வழியாக நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாயை அனுப்பி, சாய மருந்தால் ஊதி, நரம்பு முடிச்சை ஒரு நிமிடம் அல்லது சற்றுக் கூடுதலாக அழுத்துகிறார்கள். பலூன் சரியான இடத்தில் இருந்தால் எக்ஸ்ரேயில் பேரிக்காய் வடிவம் தெரியும், அந்த வடிவம் வராவிட்டால் இடம் சரியில்லை என்று அர்த்தம். முழு மயக்கத்தில் செய்வதால் நோயாளி பதில் சொல்ல வேண்டிய வேலை இல்லை. அழுத்தும் நொடியில் இதயத் துடிப்பு சட்டென்று இறங்கலாம், அதற்கு மயக்க மருத்துவர் தயாராக இருப்பார். மெல்லும் தசைத் தளர்ச்சி இதில்தான் அதிகம், பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகிவிடும். இதன் பெரிய பலம் கண்ணில் இருக்கிறது. அழுத்தம் தடித்த நரம்பு இழைகளைத்தான் அதிகம் பாதிக்கும், கருவிழியைக் காக்கும் மெல்லிய இழைகளை விட்டுவைக்கும். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வலி உள்ளவர்களுக்கு ஆர்.எஃப். கொடுத்தால் கருவிழி உணர்விழந்து, தூசி விழுந்தாலும் தெரியாமல் புண்ணாகும் ஆபத்து இருக்கிறது. அவர்களுக்குப் பலூன் நல்லது.

எங்கே மரத்துப்போனால் பரவாயில்லை?

எங்கள் வீட்டில் அதிக நேரம் பேசியது வெற்றி விகிதத்தைப் பற்றி இல்லை, மதமதப்பைப் பற்றித்தான். மூன்று ஊசிகளும் கேட்கும் விலை அதுதான். எந்த ஊசி சிறந்தது என்று அலைந்துகொண்டிருந்த நான், ஒரு வலிநிவாரண மருத்துவர் அப்பாவிடம் கேட்ட ஒரு கேள்வியில் நின்றேன்: "பல் டாக்டர் ஊசி போட்டா உதடு மரத்துப்போகுமே, அது போகவே போகாதுன்னா உங்களால இருக்க முடியுமா ஐயா?"

அதைக் கற்பனை செய்துபார்க்க வேண்டியதில்லை, சோதித்தே பார்க்கலாம் என்றார். தாடை நரம்பில் சாதாரண மரப்பு மருந்தை அல்ட்ராசவுண்ட் பார்த்துக்கொண்டே போட்டார். சில மணி நேரம் கீழ் உதடும் தாடையும் நாக்கின் ஒரு பக்கமும் மரத்தன. அப்பா அன்று மத்தியானம் பல மாதத்துக்குப் பின் சோறு பிசைந்து சாப்பிட்டார். உதட்டோரம் பருக்கை ஒட்டியிருந்தது தெரியவில்லை, அம்மா துடைத்துவிட்டார். "இது போதும்" என்றார் அப்பா. சாயங்காலம் மருந்து இறங்கி வலி வந்தபோது அவர் முகத்தைப் பார்த்த எனக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. இந்தச் சோதனை ஊசி எல்லோருக்கும் தேவைப்படாது. முடிவெடுக்கத் திணறுகிறவர்களுக்கு நான் மனமாரச் சொல்வேன், கேட்டுப் பாருங்கள்.

மதமதப்பு எல்லோருக்கும் ஒன்றல்ல. பாட்டுப் பாடுகிறவர், நாதஸ்வரமோ புல்லாங்குழலோ வாசிக்கிறவர், நாள் முழுவதும் பேசிப் பிழைக்கிற ஆசிரியர், இவர்களுக்குக் கீழ் உதடு மரத்துப்போவது தொழிலையே தொடும். அவர்கள் கிளிசராலின் குறுகிய ஆயுளை ஏற்றுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. அரிதாக, மரத்துப்போன இடத்திலேயே ஓயாத எரிவலி வருவதும் உண்டு. அங்காராக் கணக்கில் அது 0.8 சதவீதம். சிறிய எண், ஆனால் அதற்கு மருந்து கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்பதால் அதை மறைத்துப் பேசுகிற மருத்துவரை நான் நம்பமாட்டேன்.

இங்கேயே இன்னொரு விஷயம். வெட்டி வெட்டி வராமல் நாள் முழுக்க எரிகிற, கடுகடுக்கிற முகவலிக்கும், அக்கி வந்து போனபின் மிஞ்சும் வலிக்கும், பல் சிகிச்சையில் நரம்பு அடிபட்டதால் வரும் வலிக்கும் இந்த ஊசிகள் பொருந்தாது. அங்கே நரம்பு ஏற்கெனவே சிதைந்திருக்கிறது, மேலும் சிதைத்தால் வலி கூடலாம். வலி எப்படி வருகிறது, எவ்வளவு நேரம் இருக்கிறது, எது தூண்டுகிறது என்று ஒரு வாரம் எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். எந்த ஸ்கேனும் சொல்லாததை அந்தத் தாள் சொல்லும்.

நாங்கள் எடுத்த முடிவு

அப்பாவுக்கு வலி மூன்றாம் கிளையில், கண் பக்கம் இல்லை. காது நன்றாகக் கேட்கும், கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்வார். நீண்ட மயக்கம் இதயத்துக்கு ஏற்றதில்லை. மதமதப்பு சம்மதம். இவ்வளவையும் சேர்த்தால் ஆர்.எஃப். வந்து நின்றது. இதே வலி நெற்றியில் இருந்திருந்தாலோ, விழித்திருந்து பதில் சொல்ல முடியாத அளவு மறதியோ பயமோ இருந்திருந்தாலோ, இதயம் சம்மதித்தால் பலூனுக்குப் போயிருப்போம். கிளிசரால் எங்கள் பக்கத்தில் செய்பவர்கள் கிடைக்கவில்லை என்பதும் உண்மை.

ஸ்டென்டுக்காகச் சாப்பிட்டுவந்த இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை இதய மருத்துவர் சொன்னபடி சில நாள் முன்பே நிறுத்தினோம். அதை யாரும் தாமாக நிறுத்தக்கூடாது. உள்ளே இருந்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. வெளியே வந்ததும் பஞ்சால் கருவிழியோரம் தொட்டுப் பார்த்தார்கள், கண் சிமிட்டியது. தாடையில் குண்டூசி முனை அப்பாவுக்கு மொண்ணையாகத் தெரிந்தது. சாயங்காலமே வீடு. இரண்டு நாள் கழித்து உதட்டில் சின்னக் கொப்புளங்கள் வந்தன. இந்த நரம்பைத் தொட்டால் உள்ளே உறங்கும் கிருமி எழுந்துகொள்வது சகஜம், களிம்பிலேயே போய்விட்டது. மாத்திரையை மட்டும் உடனே நிறுத்தவில்லை, ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைத்தோம்.

பதினான்கு மாதம் ஆகிறது. வலி இல்லை. வலது கீழ் உதடும் தாடையும் தடித்த துணி போர்த்தியதுபோல இருக்கிறதாம். காப்பியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறார், முதல் மாதம் ஒருமுறை நாக்கைச் சுட்டுக்கொண்டதன் பாடம். இரண்டு தடவை கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு தெரியாமலே இருந்தார். அதனால் இரவில் பல் தேய்த்தபின் அம்மா டார்ச் அடித்து வாய்க்குள் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. வெற்றிலையை இடது பக்கம் போட்டு மெல்லுகிறார். சவரம் இரண்டு பக்கமும்.